முடக்குவாதத்தில் எதிர்ப்புச் செல்கள் செத்தும் வீக்கம் ஏன் அடங்குவதில்லை?

கேள்வி இதுதான்: ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் எனப்படும் முடக்குவாதத்தில் மூட்டைத் தாக்குவது நம்முடைய எதிர்ப்புச் செல்கள்தானே? அப்படியென்றால் அவை சாகச் சாக வீக்கம் குறைய வேண்டாமா? ஓரிடத்தில் செல் சாவுதான் அழற்சியைக் கிளப்புகிறது என்கிறார்கள், இன்னோரிடத்தில் செல்கள் சாகாமல் தங்கிவிடுவதுதான் கோளாறு என்கிறார்கள். எது சரி?

இரண்டுமே சரி. வேறு வேறு செல்களைப் பற்றிப் பேசுவதால் முரண்பாடு போலத் தெரிகிறது. முடக்குவாத மூட்டில் ஒரே சமயத்தில் மூன்று விஷயங்கள் நடக்கின்றன. சாக வேண்டிய சில செல்கள் சாக மறுக்கின்றன. சாகிற செல்களில் பல, அமைதியாகப் போகாமல் உள்ளே இருப்பதையெல்லாம் வெளியே கொட்டிவிட்டுச் சாகின்றன. செத்ததை விழுங்கி இடத்தைச் சுத்தம் செய்ய வேண்டிய செல்களும் குறைந்துபோகின்றன. எத்தனை செல் செத்தது என்று எண்ணுவதைவிட, எப்படிச் செத்தது, யார் அதை அப்புறப்படுத்தினார்கள் என்று பார்த்தால்தான் இந்த நோய் பிடிபடும்.

முதலில் சாதாரணச் சாவு. ஒரு மனித உடம்பில் ஒரு நாளைக்குச் சுமார் 33,000 கோடி செல்கள் செத்து, அவற்றின் இடத்தில் புதியவை வருகின்றன என்று 2021-இல் வெளியான ஒரு கணக்கீடு சொல்கிறது. பெரும்பாலானவை ரத்தச் செல்கள். சாவே அழற்சியைக் கிளப்பும் என்றால் நாம் தினமும் காய்ச்சலில் கிடக்க வேண்டும். அப்படி ஆகாததற்குக் காரணம், இந்தச் சாவுகளில் மிகப் பெரும்பாலானவை ஒழுங்குமுறைப்படி நடப்பவை. இதற்கு அபாப்டோசிஸ் என்று 1972-இல் கெர், வில்லி, கரி மூவரும் பெயர் வைத்தார்கள். கேஸ்பேஸ் என்ற நொதிகள் செல்லை உள்ளிருந்தே துண்டு போடுகின்றன. செல் சுருங்குகிறது, ஆனால் மேல்சவ்வு கிழிவதில்லை. சவ்வின் உட்புறத்தில் இருக்கும் பாஸ்பாட்டிடைல்செரின் என்ற கொழுப்பு மூலக்கூறு வெளிப்புறத்துக்குத் திரும்புகிறது. அதைப் பார்த்ததும் மேக்ரோஃபேஜ் எனப்படும் விழுங்கு செல் வந்து முழுசாக விழுங்கிவிடுகிறது. விழுங்கிய கையோடு டிஜிஎஃப்-பீட்டா, இன்டர்லூகின்-10 போன்ற, அழற்சியை அடக்கும் புரதங்களையும் வெளியிடுகிறது. அதாவது ஒழுங்காக நடந்த சாவு அந்த இடத்தை இன்னும் அமைதியாக்குகிறது.

இதில் ஒரு நேரக்கெடு உண்டு. செத்தவரைத் தூக்க ஆள் வராத வீட்டின் நிலைமைதான் இங்கேயும். மேக்ரோஃபேஜ் வந்து சேரத் தாமதமானால், அமைதியாகச் செத்த செல்லின் சவ்வும் கிழிந்து உள்ளே இருப்பவை வெளியே வரும். டிஎன்ஏ, ஏடிபி, ஹெச்எம்ஜிபி1, எஸ்100 வகைப் புரதங்கள் எல்லாம் செல்லுக்குள் இருக்கும்வரை வேலைக்காரர்கள். வெளியே வந்தால் பக்கத்துச் செல்கள் அவற்றை ஆபத்துச் சமிக்ஞையாகவே எடுத்துக்கொள்கின்றன.

இப்போது மூட்டுக்குள் போவோம். நலமாக இருக்கும் முழங்காலின் திரவத்தில் ஒரு மைக்ரோலிட்டருக்கு 200-க்கும் குறைவான வெள்ளையணுக்களே இருக்கும். முடக்குவாதம் தீவிரமாக இருக்கும்போது அது ஆயிரக்கணக்கிலும் பதினாயிரக்கணக்கிலும் போகும். அவற்றில் பெரும்பங்கு நியூட்ரோஃபில்கள். ஆனால் மூட்டை உள்ளே போர்த்தியிருக்கும் சவ்வை எடுத்துப் பார்த்தால் நியூட்ரோஃபில்கள் கொஞ்சம்தான் தென்படும். அங்கே மேக்ரோஃபேஜ், டி செல், பி செல், ஃபைப்ரோபிளாஸ்ட் எனப்படும் இணைப்புத் திசுச் செல் ஆகியவற்றின் ஆதிக்கம். திரவத்தில் ஒரு கூட்டம், சவ்வில் வேறு கூட்டம். இதைக் கவனிக்காமல் எழுதப்பட்ட விளக்கங்கள்தான் உங்களைக் குழப்பியிருக்க வேண்டும்.

நியூட்ரோஃபில் குறைந்த ஆயுள் கொண்ட செல். கிருமியைக் கண்டால் விழுங்கி, ரசாயனங்களால் கொன்று, தானும் செத்துப்போவது அதன் இயல்பு. முடக்குவாத மூட்டில் அது வழக்கத்தைவிட அதிக நேரம் உயிரோடு இருக்கிறது. ஜிஎம்-சிஎஸ்எஃப் போன்ற புரதங்களும், அங்கே நிலவும் ஆக்சிஜன் பற்றாக்குறையும் அதன் அபாப்டோசிஸைத் தள்ளிப்போடுகின்றன. அந்தக் கூடுதல் நேரத்தில் அது சும்மா இருப்பதில்லை. குருத்தெலும்பின் மேல் படிந்த எதிர்பொருள் தொகுப்புகளை விழுங்கப் பார்க்கிறது, முடியாதபோது எலாஸ்டேஸ் போன்ற புரதம் கரைக்கும் நொதிகளை அப்படியே வெளியே விடுகிறது. குருத்தெலும்பு அரிபடுவதில் இதற்கும் பங்குண்டு.

அப்புறம் அதற்கு இன்னொரு விதமான சாவு வருகிறது. 2004-இல் ஆர்ட்டுரோ சிக்லின்ஸ்கியின் ஆய்வுக் குழு பெர்லினில் ஒன்றைக் கண்டுபிடித்து வெளியிட்டது: தூண்டப்பட்ட நியூட்ரோஃபில், தன் டிஎன்ஏவையே இழையிழையாகப் பிரித்து வெளியே வீசி, அந்த வலையில் பாக்டீரியாக்களைச் சிக்க வைக்கிறது. நெட்டோசிஸ் என்ற பெயர் அதற்குப் பின்னால் வந்தது. கருவுக்குள் டிஎன்ஏ, ஹிஸ்டோன் என்ற புரதத்தின் மேல் இறுக்கமாகச் சுற்றியிருக்கும். பிஏடி4 என்ற நொதி ஹிஸ்டோனில் இருக்கும் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்தைச் சிட்ருலினாக மாற்றுகிறது. ஆர்ஜினினின் நேர்மின்னூட்டம் போய்விடுவதால் டிஎன்ஏவின் பிடி தளர்கிறது, சுருள் அவிழ்கிறது, கடைசியில் சவ்வு கிழிந்து வலை வெளியே வருகிறது. வலையில் டிஎன்ஏ மட்டுமில்லை, எலாஸ்டேஸும் மைலோபெராக்சிடேஸும் ஒட்டிக்கொண்டே வரும்.

சிட்ருலின் என்ற பெயரைக் கேட்டதும் உங்களுக்குச் சட்டென்று ஒன்று நினைவுக்கு வரலாம். முடக்குவாதத்துக்காக எடுக்கும் ஆன்டி-சிசிபி ரத்தப் பரிசோதனை தேடுவது, இதே சிட்ருலின் ஏறிய புரதங்களுக்கு எதிரான எதிர்பொருளைத்தான். நோயாளிகளில் சுமார் மூன்றில் இரண்டு பங்கினரிடம் இது இருக்கும். நோய் இல்லாதவர்களிடம் அரிதாகவே இருக்கும். மூட்டு வலி தொடங்குவதற்குப் பல வருடங்களுக்கு முன்பே ரத்தத்தில் தோன்றிவிடவும் கூடும். இரத்த வங்கிகளில் சேமித்து வைத்த பழைய மாதிரிகளைத் திரும்ப எடுத்துப் பரிசோதித்து இதை உறுதி செய்தார்கள்.

இப்போது சங்கிலியைச் சேர்த்துப் பாருங்கள். நியூட்ரோஃபில் வலை வீசிச் சாகும்போது சிட்ருலின் ஏறிய புரதங்கள் வெளியே கொட்டுகின்றன. அவற்றுக்கு எதிரான எதிர்பொருள் உள்ளவரிடம் அது போய் ஒட்டுகிறது. அந்த எதிர்பொருள்களே இன்னும் பல நியூட்ரோஃபில்களை வலை வீசத் தூண்டுகின்றன. இந்தச் சுழலை 2013-இல் வெளியான ஒரு முக்கியமான ஆய்வு நோயாளிகளின் செல்களை வைத்தே காட்டியது. பிறகு வந்த வேலைகளில், மூட்டுச் சவ்வின் ஃபைப்ரோபிளாஸ்ட்கள் இந்த வலைத் துண்டுகளை விழுங்கி, அவற்றிலுள்ள புரதத் துணுக்குகளை டி செல்களுக்கு எடுத்துக் காட்டுவதும் தெரியவந்தது. ஃபைப்ரோபிளாஸ்ட் செய்கிற வேலையே இல்லை அது. ஒரு செல்லின் சாவு, பக்கத்திலிருக்கும் இன்னொரு செல்லின் குணத்தையே மாற்றிவிடுகிறது.

ஆனால் நெட்டோசிஸ்தான் எல்லாவற்றுக்கும் மூலம் என்று யாராவது அடித்துச் சொன்னால் கொஞ்சம் சந்தேகத்தோடு கேளுங்கள். இந்தத் துறையில் அது ஒரு காலத்து மோகமாகவே இருந்தது. சிட்ருலின் வெள்ளமாக ஏறுவதற்கு வலை கட்டாயமில்லை. எதிர்ப்பு மண்டலத்தின் பெர்ஃபோரின், காம்ப்ளிமெண்ட் ஆகிய புரதங்கள் செல்லின் சவ்வில் துளை போடும்போது கால்சியம் உள்ளே பாய்கிறது. பிஏடி நொதிகள் கால்சியத்தால் முடுக்கப்படுபவை என்பதால் கட்டுப்பாடில்லாமல் வேலை செய்கின்றன. ஈறு நோயில் காணப்படும் அக்ரிகேட்டிபாக்டர் என்ற பாக்டீரியாவின் நச்சும் இதே போலத் துளை போட்டு நியூட்ரோஃபில்லில் இதே விளைவை உண்டாக்குகிறது. ஈறு நோய்க்கும் முடக்குவாதத்துக்கும் உள்ள தொடர்பை ஆராய்பவர்கள் இதைத்தான் துருவிக்கொண்டிருக்கிறார்கள். புகைபிடிப்பவர்களின் நுரையீரலிலும் சிட்ருலின் ஏற்றம் அதிகம். ஹெச்எல்ஏ-டிஆர்பி1 மரபணுவின் குறிப்பிட்ட வகைகளைக் கொண்டவர் புகைபிடித்தால் ஆபத்து பல மடங்காகிறது. ஆக, தொடக்கம் மூட்டிலேயே இல்லாமல் ஈறிலோ நுரையீரலிலோ இருக்கவும் வாய்ப்புண்டு.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. வலை வீச பல சமயம் எளிதில் வினைபுரியும் ஆக்சிஜன் மூலக்கூறுகள் தேவை. அவற்றை உண்டாக்கும் என்சிஎஃப்1 மரபணு பலவீனமாக உள்ள எலிகளுக்கு மூட்டழற்சி குறையும் என்றுதானே எதிர்பார்ப்போம்? கூடியது. கீல்வாதத்தில், அதாவது யூரிக் அமிலப் படிகங்களால் வரும் கவுட்டில், நியூட்ரோஃபில்கள் மிக அதிகமாகக் கூடும்போது வலைகள் ஒன்றோடொன்று பின்னிக் கட்டியாகி, அழற்சிப் புரதங்களைப் பிடித்து வைத்துச் சிதைத்துவிடுகின்றன. கவுட் தாக்குதல் சில நாட்களில் தானாக அடங்குவதற்கு இதுவும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. ஒரே வலை ஓரிடத்தில் தீ மூட்டுகிறது, ஓரிடத்தில் தீ அணைக்கிறது. கவுட் தன்னுடல் தாக்கு நோய் இல்லை, அதனால் நேராக ஒப்பிட முடியாது. ஆனாலும் இதை மனதில் வைத்திருப்பது நல்லது.

மேக்ரோஃபேஜ் சாகும் விதங்களுக்கு வருவோம். பைராப்டோசிஸ் என்பது ஒன்று. என்எல்ஆர்பி3 இன்ஃப்ளமசோம் என்ற புரதத் தொகுதி கூடியதும் கேஸ்பேஸ்-1 முடுக்கப்படுகிறது. அது கேஸ்டெர்மின்-டி புரதத்தை வெட்டுகிறது, வெட்டுப்பட்ட துண்டுகள் சவ்வில் ஓட்டை போடுகின்றன, ஓட்டை வழியே இன்டர்லூகின்-1 பீட்டா என்ற அழற்சிப் புரதம் வெளியேறுகிறது. கேஸ்டெர்மினின் பங்கு 2015-இல்தான் தெளிவானது. அபாப்டோசிஸிலும் கேஸ்பேஸ்தான், இதிலும் கேஸ்பேஸ்தான். குடும்பம் ஒன்று, முடிவு நேர்மாறு.

படிக்கும்போது இதுதான் மூட்டழற்சிக்கு நேரடி விளக்கம் என்று தோன்றும். ஆனால் சிகிச்சை அனுபவம் வேறு கதை சொல்கிறது. இன்டர்லூகின்-1-ஐத் தடுக்கும் அனகின்ரா மருந்துக்கு முடக்குவாதத்துக்காக அமெரிக்காவில் 2001-இல் அனுமதி கிடைத்தது. பலன் இருந்தது, ஆனால் டிஎன்எஃப் என்ற இன்னொரு அழற்சிப் புரதத்தைத் தடுக்கும் மருந்துகள் அளவுக்கு இல்லை. அதே மருந்து ஸ்டில் நோயில், குறிப்பாகக் காய்ச்சலோடு வரும் குழந்தைகளின் மூட்டழற்சி வகையில், அசத்துகிறது. வெளியில் இருந்து பார்த்தால் எல்லாம் மூட்டு வீக்கம்தான். உள்ளே எந்தச் சாவு வழி முன்னால் நிற்கிறது என்பது நோய்க்கு நோய் மாறுகிறது.

நெக்ராப்டோசிஸ் இன்னொன்று. ஆர்ஐபிகே1, ஆர்ஐபிகே3, எம்எல்கேஎல் என்ற புரதங்களின் வழியே செல் வெடித்துச் சாவது. இதில் டிஎன்எஃப் என்ற மூலக்கூறைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். 1975-இல் அதைக் கண்டபோது, கட்டிகளை அழியச் செய்யும் பொருளாகவே அறிமுகமானது. ஆனால் சாதாரணமாக ஒரு செல்லின் மேல் டிஎன்எஃப் பட்டால் அது சாவதில்லை. என்எஃப்-கப்பாபி என்ற வழி முடுக்கப்பட்டு, செல் உயிரோடிருந்து மேலும் அழற்சிப் புரதங்களைச் செய்கிறது. அந்த வழி எங்காவது தடைபட்டால்தான் அதே டிஎன்எஃப் செல்லைக் கொல்கிறது. ஒரே சமிக்ஞைக்கு வாழ்வும் சாவும் பதிலாக வர முடியும்.

ஏ20 என்ற புரதம் இந்த முடிவைக் காவல் காக்கிறது. மேக்ரோஃபேஜ் வகைச் செல்களில் மட்டும் ஏ20-ஐ நீக்கிய எலிகளுக்குத் தானாகவே பல மூட்டுகளில் அழற்சி வருகிறது. முதலில் இன்ஃப்ளமசோமைக் குற்றம் சாட்டினார்கள். 2019-இல் வெளியான வேலையில், அந்த மேக்ரோஃபேஜ்கள் நெக்ராப்டோசிஸில் சாவதே அந்த அழற்சியைக் கிளப்புகிறது என்று தெரிந்தது. உங்கள் கேள்விக்கு இதைவிட நேரான பதில் ஆய்வகத்தில் கிடைக்காது. எதிர்ப்புச் செல் செத்தது, அதனாலேயே மூட்டு வீங்கியது.

அப்படியானால் ஆர்ஐபிகே1-ஐ மருந்தால் தடுத்தால் போதாதா? செய்து பார்த்தார்கள். முடக்குவாத நோயாளிகளிடம் நடந்த ஒரு மருத்துவச் சோதனையின் முடிவுகள் 2021-இல் வந்தன. சொல்லிக்கொள்ளும்படியான முன்னேற்றம் இல்லை. பிறவியிலேயே ஆர்ஐபிகே1 இல்லாத குழந்தைகள் சிலரைப் பற்றி 2018-இல் எழுதினார்கள். அவர்களுக்கு நோய் எதிர்ப்புக் குறைபாடும் குடல் அழற்சியும், கூடவே மூட்டழற்சியும் இருந்தன. எலியில் தெளிவாகத் தெரிந்த ஒன்று மனித மூட்டில் அப்படியே ஒப்பேறுவதில்லை. ஒரு சாவு வழியை அடைத்தால் செல் வேறு வழியைத் தேடிக்கொள்வதும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் கணிப்பு.

டி செல்களை ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். முடக்குவாத நோயாளிகளின் டி செல்கள் வயதுக்கு மீறி முதிர்ந்தவை. எம்ஆர்இ11ஏ என்ற பழுதுபார்க்கும் புரதம் குறைந்து, மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏ கசிந்து, அவற்றில் ஒரு பங்கு திசுவுக்குள் பைராப்டோசிஸில் சாகிறது.

இனி சாக மறுப்பவை. மூட்டுச் சவ்வின் உள் அடுக்கில் இருக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட்கள் நோயில் பல அடுக்குகளாகப் பெருகி, எலும்பையும் குருத்தெலும்பையும் அரித்துக்கொண்டு முன்னேறுகின்றன. அந்தத் தடித்த சவ்வுக்குப் பானஸ் என்று பெயர். இவற்றில் அபாப்டோசிஸ் வியப்பூட்டும் அளவுக்குக் குறைவு. சாவுச் சமிக்ஞை வந்தாலும் எஃப்எல்ஐபி, எம்சிஎல்-1 போன்ற தடுப்புப் புரதங்கள் அதை உள்ளே விடுவதில்லை. புற்றுநோய் செல்களைப் படித்தவர்களுக்கு இந்தப் பட்டியல் பழக்கமானதாக இருக்கும். சிலரின் மூட்டுச் சவ்வில் பி53 மரபணு மாற்றங்களைக்கூடக் கண்டிருக்கிறார்கள். ஆனால் இது புற்றுநோய் இல்லை, வேறு இடத்துக்குப் பரவிக் கட்டியாவதில்லை. "செல் சாகாததுதான் கோளாறு" என்று நீங்கள் படித்தது இவற்றைப் பற்றித்தான்.

சரி, எல்லாவற்றையும் மொத்தமாகக் கொன்றுவிட்டால் என்ன? நியூட்ரோஃபில்லில் அது நடக்காது. அவை குறைந்தால் சாதாரணக் கிருமியே ஆளைச் சாய்த்துவிடும். இயற்கையே இதற்கு ஓர் உதாரணம் வைத்திருக்கிறது. நீண்டகாலம் கடுமையான முடக்குவாதம் இருப்பவர்களில் மிகச் சிலருக்கு மண்ணீரல் பெருத்து, ரத்தத்தில் நியூட்ரோஃபில் எண்ணிக்கை சரிந்துவிடும். 1924-இல் விவரிக்கப்பட்ட ஃபெல்டி நோய்த்தொகுதி அது. அவர்களிடம் நியூட்ரோஃபில் வலைகளுக்கும் சிட்ருலின் ஏறிய ஹிஸ்டோன்களுக்கும் எதிரான எதிர்பொருள்கள் காணப்படுகின்றன. எண்ணிக்கை சரிந்ததால் முடக்குவாதம் அவர்களை விட்டுப் போய்விடுவதில்லை. திரும்பத் திரும்ப வரும் தொற்றுகள்தான் கூடுதலாகச் சேர்கின்றன.

பி செல்லில் நடக்கும். ரிடுக்சிமாப் என்ற மருந்து சிடி20 அடையாளம் உள்ள பி செல்களைப் பிடித்துக் கொல்கிறது, பல நோயாளிகளுக்கு நல்ல பலனும் தருகிறது. அங்கே கொல்லப்படும் செல்கள் ரத்தத்திலும் கல்லீரலிலும் மண்ணீரலிலும் விழுங்கு செல்களால் உடனுக்குடன் அப்புறப்படுத்தப்படுகின்றன. அவ்வளவு செல்கள் செத்தும் மூட்டு எரியாததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்து வாரம் ஒருமுறை குறைந்த அளவில் கொடுக்கப்படும்போது முக்கியமாக அடினோசின் என்ற மூலக்கூறின் வழியாக அழற்சியை அடக்குகிறது. புற்றுநோயில் செய்வது போலச் செல்களைக் கொன்று குவிப்பது இங்கே அதன் வேலை இல்லை. ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்ற மருந்து, செத்த செல்களின் டிஎன்ஏ, ஆர்என்ஏவை உணரும் டிஎல்ஆர்-7, டிஎல்ஆர்-9 ஆகிய ஏற்பிகளை மந்தமாக்குகிறது. டிஎன்எஃப் தடுப்பு மருந்து சாவுக்கும் வாழ்வுக்கும் இடையிலான அந்தச் சமிக்ஞையையே பிடுங்கிவிடுகிறது. 1990-களின் தொடக்கத்தில் லண்டனில் ஃபெல்ட்மனும் மைனியும் அதை நோயாளிகளிடம் முதலில் சோதித்தபோது, ஒரே ஒரு புரதத்தைத் தடுத்து இவ்வளவு சிக்கலான நோயை அடக்க முடியும் என்று பலர் நம்பவில்லை.

கடைசியாகச் சுத்தம் செய்பவர்கள். என்னைக் கேட்டால் அடுத்த நல்ல மருந்து இந்தப் பக்கமிருந்துதான் வரும். நலமான மூட்டுச் சவ்வில் ஒரு வகை மேக்ரோஃபேஜ்கள் நெருக்கமாகக் கைகோத்து நின்று, உள்ளே எதிர்ப்புச் செல்கள் புகாமல் தடுக்கும் வேலியாக இருக்கின்றன என்று 2019-இல் எலிகளில் காட்டினார்கள். அடுத்த வருடமே நோயாளிகளின் மூட்டுச் சவ்வுத் திசுவை ஆராய்ந்த ஒரு குழு, மெர்டிகே என்ற ஏற்பி உள்ள மேக்ரோஃபேஜ்களைத் தனியே பிரித்துக் காட்டியது. செத்த செல்களை அடையாளம் கண்டு விழுங்க உதவும் ஏற்பி அது. நோய் தீவிரமாக இருப்பவர்களிடம் இந்த வகை குறைவு, நோய் அடங்கியவர்களிடம் அதிகம். ஃபைப்ரோபிளாஸ்ட்களைப் பழுதுபார்க்கும் குணத்துக்கு இவை திருப்புவதும் தெரிந்தது.

அதே ஆய்வில் நடைமுறைக்குத் தேவையான ஒரு செய்தியும் இருந்தது. வலியும் வீக்கமும் இல்லாமல் நோய் அடங்கிய நிலையில் மருந்தை நிறுத்தியவர்களில், மூட்டுச் சவ்வில் இந்த மெர்டிகே செல்கள் குறைவாக இருந்தவர்களுக்கே நோய் திரும்பும் ஆபத்து அதிகமாக இருந்தது. வெளியே பார்க்க இரண்டு பேரின் மூட்டும் ஒன்று போலத்தான் இருக்கும். இதை அறிய அல்ட்ராசவுண்ட் வழிகாட்டுதலில் ஊசி போட்டுச் சவ்வுத் திசுவை எடுக்க வேண்டும், அது வழக்கமான பரிசோதனை ஆகவில்லை. ஆன்டி-சிசிபி அளவோ, ரத்தத்தில் உள்ள வெள்ளையணு எண்ணிக்கையோ இதைச் சொல்லாது. அதனால் வலி போய்விட்டது என்பதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். குறைப்பதாக இருந்தாலும் மருத்துவர் பார்வையில் படிப்படியாகக் குறையுங்கள்.